ஒதுக்கிக் கொடுத்ததா, ஒதுக்கிக் கொண்டதா?

சின்ன வயதில் கௌபாய் காமிக்ஸ் படித்த எல்லோருக்கும் 'செவ்விந்தியர்' என்ற சொல் தெரிந்திருக்கும். தலையில் இறகு, கையில் வில், சேணம் போடாத குதிரை. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்திலும் அதே சொல்தான். வெகுகாலம் வரை அது ஒரு மக்களின் பெயர் என்றே நினைத்திருந்தேன். பிறகு அதைப் பிரித்துப் பார்த்தபோது சங்கடமாகிவிட்டது. 'இந்தியர்' என்ற பாதி, 1492-இல் கொலம்பஸ் தான் வந்து இறங்கிய இடத்தை ஆசியா என்று தவறாக எண்ணியதால் வந்தது. 'செம்மை' என்ற பாதி, வந்தவர்கள் தோலின் நிறத்தைப் பார்த்து ஒட்டியது. இரண்டில் ஒன்றுகூட அந்த மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்டது இல்லை. அவர்கள் ஒரே மக்களும் இல்லை. இன்றைக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் மத்திய அரசு அங்கீகரித்த பூர்வகுடித் தேசங்கள் 570-க்கு மேல் இருக்கின்றன. மொழியும் வரலாறும் பெயரும் இடத்துக்கு இடம் வேறு.

இவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் இடறும் சொற்கள் மூன்று: இறையாண்மை, உடன்படிக்கை உரிமை, தற்பெயர் (ஒரு மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்). ஒன்று அரசியல், ஒன்று சட்டம், ஒன்று மொழி என்று தனித்தனியாகத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். தமிழில் அதை இரண்டு துணைவினைகளில் கேட்டுவிடலாம். கொடுத்ததா, கொண்டதா?

முதலில் நமக்குப் பழக்கமான ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஒருவர் நான்கு ஏக்கர் நிலத்தை விற்கிறார். கிரயப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கிறார்: கிணற்றில் பாதிப் பாத்தியமும் வண்டிப்பாதைப் பாத்தியமும் எனக்கும் என் வாரிசுகளுக்கும் உண்டு. வாங்குகிறவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டு தலைமுறை கழித்து, வாங்கியவரின் பேரன் வந்து, 'எங்கள் கிணற்றில் உங்களுக்கு இவ்வளவு நாள் தண்ணீர் விட்டது பெரிது, இனிமேல் முடியாது' என்கிறான். ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள்? பத்திரத்தை எடுத்துப் பார் என்பார்கள். அந்தப் பாதிக் கிணறு இவன் தாத்தா கொடுத்த சலுகை இல்லை. நிலத்தை விற்றவர் அதை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்ட பங்கு.

உடன்படிக்கை உரிமை என்பது இவ்வளவுதான். ஆனால் இந்த எளிய விஷயத்தை ஒரு நாட்டின் நீதிமன்றத்தில் நிலைநாட்ட நூற்றிருபது ஆண்டு பிடித்த கதை ஒன்று உண்டு. அதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் என்ற பனிமலையிலிருந்து இறங்கிக் கடலில் சேரும் ஆறு நிஸ்குவாலி. அதன் கரையில் வாழ்ந்த மக்களும் நிஸ்குவாலிகள்தான். சால்மன் மீன் அவர்களுக்கு உணவு, வணிகப் பொருள், சடங்கு, காலக்கணக்கு எல்லாம். கடலுக்குப் போன மீன் முட்டையிட ஆற்றில் ஏறி வரும் பருவத்தை வைத்தே அவர்களுடைய ஆண்டு சுழன்றது.

1854 டிசம்பர் 26. அந்தப் பிரதேசத்தின் முதல் ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், மெடிசின் கிரீக் என்ற ஓடைக்கரையில் நிஸ்குவாலி, பியூயாலப், ஸ்குவாக்சின் உள்ளிட்ட மக்களைக் கூட்டி ஓர் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார். பேச்சுவார்த்தை நடந்தது ஆங்கிலத்திலும் இல்லை, அவர்கள் மொழியிலும் இல்லை. சினூக் ஜார்கன் என்ற சந்தைமொழியில் நடந்தது. கம்பளியும் மீனும் பேரம் பேசுவதற்கு உருவான, சில நூறு சொற்களே கொண்ட மொழி அது. 'நில உரிமைத் துறப்பு', 'பொதுவாகப் பகிர்தல்' போன்றவற்றை அந்த மொழியில் எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாலே மனம் கனக்கிறது. சுமார் 22 லட்சம் ஏக்கர் நிலம் கைமாறியது. விலை 32,500 டாலர், அதுவும் 20 ஆண்டுத் தவணையில். அந்த மக்களுக்கென்று மிஞ்சியது தலா 1,280 ஏக்கர் கொண்ட மூன்று துண்டுகள்.

ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, வழக்கமாக மீன் பிடித்துவரும் எல்லா இடங்களிலும், பிரதேசத்தின் மற்றக் குடிமக்களோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. எல்லா இடங்களிலும் என்பதைக் கவனியுங்கள். விற்றுவிட்ட நிலத்தின் வழியாக ஓடும் ஆறுகளிலும் உரிமை உண்டு. நமது கதையில் வந்த பாதிக் கிணறு இதுதான்.

நிஸ்குவாலிகளுக்கு முதலில் ஒதுக்கிய துண்டு, ஆற்றைவிட்டு விலகி மேட்டில் கிடந்தது. ஆறு இல்லாமல் இந்த மக்கள் எப்படி வாழ்வார்கள்? லெஷை என்ற தலைவர் எதிர்த்து நின்றார். உடன்படிக்கைத் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு கீறல் இருக்கிறது. அதை அவர் போடவே இல்லை என்று அவருடைய மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1855-இல் போர் மூண்டது. முடிவில் ஆற்றின் இரு கரையிலுமாக 4,700 ஏக்கர் கிடைத்தது. ஆனால் போரில் நடந்த ஒரு சாவுக்காக லெஷைமீது கொலைக்குற்றம் சாட்டி, 1858-இல் தூக்கிலிட்டார்கள். போர்க்களத்தில் எதிரியைக் கொல்வது கொலைக்குற்றம் ஆகாது என்ற காரணத்தைச் சொல்லி அவரைக் குற்றமற்றவர் என்று ஒரு சிறப்பு வரலாற்று மன்றம் அறிவித்தது 2004-இல். இடையில் 146 ஆண்டுகள். போராடிப் பெற்ற 4,700 ஏக்கரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், முதல் உலகப் போரின்போது ராணுவ முகாமுக்கென்று பறிபோனது.

இங்கே 'ரிசர்வேஷன்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பூர்வகுடிகள் வாழும் நிலப்பகுதிக்கு அமெரிக்காவில் அதுதான் பெயர். நமக்கு ரயில் டிக்கெட்டும் கல்லூரி இடஒதுக்கீடும் நினைவுக்கு வரும். அங்கே பொருள் வேறு. அரசு பெரிய மனது பண்ணி ஒதுக்கிக் கொடுத்த நிலம் என்று அமெரிக்கர்களே பலர் நினைக்கிறார்கள். உடன்படிக்கை வழியாக வந்த ரிசர்வேஷன்களில் நடந்தது அதற்கு நேர் எதிர். மற்றதையெல்லாம் விட்டுக்கொடுக்கும்போது, 'இது மட்டும் எங்களுக்கு' என்று அவர்கள் ஒதுக்கிக்கொண்டது அது. பின்னாளில் அதிபரின் ஆணையால் உருவான ரிசர்வேஷன்களும் உண்டு. அவற்றின் கதை வேறு. அதேபோல, நம் இடஒதுக்கீடு ஒரு சமூகத்துக்கு இழைத்த அநீதியைச் சரிசெய்ய அரசு எடுக்கும் நடவடிக்கை. உடன்படிக்கை உரிமை அப்படிப்பட்டது இல்லை. இரண்டு தரப்பு கையெழுத்துப் போட்ட கணக்கு அது.

இதை உச்ச நீதிமன்றமே 1905-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கொலம்பியா ஆற்றில் வினன்ஸ் என்ற சகோதரர்கள் மாநில உரிமம் பெற்று மீன் அள்ளும் சக்கரங்களை நிறுத்தி, பூர்வகுடி மீனவர்களை ஆற்றங்கரைக்கே வரவிடாமல் தடுத்தார்கள். நிலம் எங்களுடையது, பட்டா இருக்கிறது என்றார்கள். நீதிமன்றம் ஒப்பவில்லை. அந்த மக்கள் உயிர்வாழ மீன்பிடி உரிமை, அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்கு ஏறக்குறைய அதே அளவு அவசியம் என்று எழுதியது. கூடவே, இந்தத் துறையில் இன்றுவரை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த வாசகத்தையும் எழுதியது: உடன்படிக்கை என்பது இந்தியர்களுக்கு உரிமைகளை வழங்கியது அல்ல, அவர்கள் வழங்கியது. வழங்காதவை அவர்களிடமே இருக்கின்றன.

கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று நாம் முதலில் கேட்டதற்கு ஒரே வரியில் பதில். அதைப் படித்த அன்று எனக்கு இந்த விஷயம் முழுவதும் திருப்பிப் போட்டாற்போல் ஆனது. அமெரிக்க அரசுதான் பெற்றுக்கொண்ட தரப்பு. நிலத்தைக் கொடுத்தது மறுதரப்பு.

தீர்ப்பு ஒரு பக்கம் இருக்க, ஆற்றில் நடந்தது வேறு. வாஷிங்டன் மாநில அதிகாரிகள், உங்கள் வலைகளால் மீன்வளம் அழிகிறது என்று சொல்லி நிஸ்குவாலி மீனவர்களைத் தொடர்ந்து கைது செய்தார்கள். கடலிலேயே பெரிய வணிகப் படகுகள் மீனை அள்ளிக்கொண்டிருந்தன. அணைகள் ஆற்றை மறித்தன. பழி மட்டும் கரையில் வலை விரித்தவர்கள்மேல். பில்லி ஃபிராங்க் ஜூனியர் என்ற நிஸ்குவாலிப் பையன் முதல்முறை கைதானது 1945-இல், 14 வயதில், தன் தாத்தா பாட்டன் மீன் பிடித்த ஆற்றில் மீன் பிடித்ததற்காக. வாழ்நாளில் 50 தடவைக்கு மேல் கைதானார். அவருடைய குடும்பத்து நிலம் ராணுவ முகாமுக்குப் போனபின், அவர் அப்பா ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆறு ஏக்கர் வாங்கியிருந்தார். ஃபிராங்க்ஸ் லேண்டிங் என்ற அந்தச் சின்ன இடம்தான் 1960-களில் போராட்டத்தின் நடுமையம். வேண்டுமென்றே எல்லோர் கண்முன்னும் மீன் பிடித்துக் கைதாவார்கள். 1964-இல் நடிகர் மார்லன் பிராண்டோவும் வந்து படகில் ஏறிக் கைதானார். 1970 செப்டம்பரில் பியூயாலப் ஆற்றங்கரை முகாமில் போலீஸ் புகுந்து கண்ணீர்ப்புகை வீசியது. அதே மாதம் மத்திய அரசே, அந்த மக்கள் சார்பாக, மாநில அரசின்மீது வழக்குப் போட்டது.

வழக்கை விசாரித்த ஜார்ஜ் போல்ட் கண்டிப்புக்குப் பெயர்போன நீதிபதி. பூர்வகுடிகளுக்குச் சாதகமானவர் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் உடன்படிக்கைப் பேச்சுவார்த்தையின் பழைய குறிப்புகளைத் தோண்டினார், முதியவர்களைச் சாட்சிக்கூண்டில் பேசவிட்டுக் கேட்டார். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு நெறி இருக்கிறது: உடன்படிக்கை வாசகத்தில் ஐயம் வந்தால், எழுதியவர் நினைத்த பொருளை எடுக்காமல், மறுதரப்பில் இருந்தவர்கள் அன்று எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்களோ அந்தப் பொருளை எடுக்க வேண்டும். எழுதியது ஒரு தரப்பு, அதுவும் தன் மொழியில் என்பதால் வந்த நெறி. 1974 பிப்ரவரி 12 அன்று போல்ட் தீர்ப்பு சொன்னார். 'பொதுவாக' என்றால் சரிசமமாகப் பகிர்வது; பிடிக்கத்தக்க மீனில் பாதி, உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மக்களுக்கு. அதுவரை அவர்கள் கைக்கு வந்தது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.

மாநிலம் கொந்தளித்தது. போல்ட்டின் கொடும்பாவி தொங்கியது. ஆனால் 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் சாரத்தை உறுதிசெய்தது. இன்று மேற்கு வாஷிங்டனில் இருபது பூர்வகுடித் தேசங்கள் மாநில அரசுக்குச் சமமாக உட்கார்ந்து மீன்வளத்தை நிர்வகிக்கின்றன. கதை அங்கேயும் நிற்கவில்லை. சாலைகளுக்கு அடியில் போட்ட குழாய்ப் பாலங்கள் பல, மீன் ஏறிப்போக முடியாதபடி இருந்தன. மீனே வராத ஆற்றில் மீன்பிடி உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த மக்கள் கேட்டார்கள். 2018-இல் அதிலும் தீர்ப்பு அவர்கள் பக்கம் நின்றது. இப்போது மாநில அரசு அந்தக் குழாய்களை மாற்றியாக வேண்டும். 1854-இல் எழுதிய ஒரு வரியின் பலன் இது. மீன் திரும்பி வந்தால் பலன் எல்லோருக்கும்தான்.

சரி, இதில் இறையாண்மை எங்கே வருகிறது?

ஒரு நாடு தன் குடிமக்களோடு உடன்படிக்கை செய்துகொள்வதில்லை. சட்டம் போடும், அவ்வளவுதான். உடன்படிக்கை என்பது இன்னொரு நாட்டோடு செய்வது. அமெரிக்கா 1778-இலிருந்து 1871 வரை பூர்வகுடித் தேசங்களோடு செய்து நாடாளுமன்ற மேலவை ஏற்ற உடன்படிக்கைகள் சுமார் 370. அதாவது அத்தனை முறை, எதிரில் இருப்பது ஒரு தேசம் என்று அமெரிக்காவே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, உடன்படிக்கைகள் நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. 1871-க்குப் பிறகு புதிதாகச் செய்வதை நிறுத்தினார்கள்; பழையவை செல்லும் என்று அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள்.

ஆகவே இங்கே இறையாண்மை என்றால் தனிக்கொடி ஏற்றிப் பிரிந்துபோவது என்று அர்த்தம் இல்லை. தங்கள் உறுப்பினர் யார் என்று தாங்களே முடிவுசெய்வது, சொந்த நீதிமன்றம், சொந்தக் காவல்துறை, சொந்த வரி, பள்ளி, மொழி. அமெரிக்கா பிறப்பதற்கு முன்பே இருந்த அதிகாரம், பல வெட்டுக்களுக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் அளவுக்கு. வெட்டுக்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 1831-இல் செரோக்கி தேசத்தின் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், இவர்கள் 'உள்நாட்டுச் சார்புத் தேசங்கள்' என்று ஒரு புது வகையைக் கண்டுபிடித்தார். தேசம் என்றும் ஒப்புக்கொண்டார், சார்பு என்றும் கட்டிப்போட்டார். அடுத்த ஆண்டே, செரோக்கி நிலத்துக்குள் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு செரோக்கிகளைக் காப்பாற்றவில்லை. 1838-39-இல் சுமார் 16,000 பேரை வீட்டைவிட்டுக் கிளப்பி மேற்கே ஓட்டிச் சென்றார்கள். சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கு. கண்ணீர்த் தடம் என்று அதற்குப் பெயர்.

அப்படித் துரத்தப்பட்ட இன்னொரு தேசம் மஸ்கோகி. கிழக்கு ஓக்லஹோமாவில் அவர்களுக்கு வாக்களித்த ரிசர்வேஷன் சட்டப்படி ஒருநாளும் கலைக்கப்படவில்லை, இன்றும் இருக்கிறது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. டல்சா நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. நூறாண்டுக்கு மேலாக எல்லோரும் மறந்துபோனதாக நடித்த எல்லைக்கோடு, காகிதத்தில் அப்படியே இருந்தது.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. 1868-இல் லகோட்டா மக்களோடு செய்த ஃபோர்ட் லாரமி உடன்படிக்கை, கருங்குன்றுகள் (பிளாக் ஹில்ஸ்) என்ற மலைப்பகுதி அவர்களுடையது என்றது. இனி ஒரு துண்டு நிலம் கைமாற வேண்டுமானாலும் வளர்ந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்றது. 1874-இல் அங்கே தங்கம் தெரிந்தது. 1877-இல், பத்தில் ஒரு பங்கினர் கையெழுத்தை வைத்துக்கொண்டு, நாடாளுமன்றம் குன்றுகளை எடுத்துக்கொண்டது. 1980-இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று ஒப்புக்கொண்டு, வட்டியோடு சுமார் 10.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. லகோட்டாக்கள் தொடவில்லை. குன்றுகள் விற்பனைக்கு இல்லை என்றார்கள். அந்தப் பணம் இன்று வட்டியோடு வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிக் கருவூலத்தில் கிடக்கிறது. அவர்களில் பலர் வாழும் பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன் நாட்டின் மிக வறுமையான பகுதிகளில் ஒன்று. அந்த வறுமையில் இருந்துகொண்டு அந்தப் பணத்தை மறுப்பது என்றால் என்ன என்று நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். வாங்கிவிட்டால் விற்றதாகிவிடும்.

இந்த லகோட்டாக்களைத்தான் நம் காமிக்ஸ்களில் 'சியூக்ஸ்' என்று படித்தோம். அது அக்கம்பக்கத்து ஓஜிப்வே மக்கள் சொன்ன பெயர். பிரெஞ்சு வணிகர்கள் வாயில் சிதைந்து, வால் மட்டும் மிஞ்சியது. லகோட்டா என்றால் அவர்கள் மொழியில் நட்பினர், கூட்டாளிகள் என்று பொருள். இப்படித்தான் பெரும்பாலான பெயர்கள் வரைபடத்தில் ஏறின. வந்தவர்கள் ஓர் ஊரில் நின்று அடுத்த ஊர்க்காரர்கள் யார் என்று கேட்பார்கள். இவர்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது என்றால் வசவே பெயராகிவிடும். அரிசோனாவின் பாலைவனத்தில் வாழும் மக்களை 'பாப்பகோ' என்றார்கள். பயறு தின்பவர்கள் என்ற பொருளில் பிறர் வைத்தது. 1986-இல் புதிய அரசியலமைப்பு எழுதியபோது அவர்கள் அதைக் கழற்றிவிட்டு, தொஹோனோ ஓதம், பாலைவன மக்கள், என்று தங்கள் பெயரையே வைத்துக்கொண்டார்கள். விஸ்கான்சினின் 'வின்னபேகோ', நாற்றத் தண்ணீர்க்காரர்கள் என்ற பொருளில் பிறர் சொன்னது. 1994-இல் அவர்கள் ஹோச்சங்க் தேசம் ஆனார்கள். அதே மக்களின் ஒரு பிரிவு நெப்ராஸ்காவில் இன்னும் வின்னபேகோ என்ற பெயரையே வைத்திருக்கிறது. அதுவும் அவர்கள் முடிவு.

இந்தக் கடைசி விஷயத்தில் நல்லெண்ணம் கொண்டவர்கள்கூடச் சறுக்குவதுண்டு. பழைய பெயர் தவறு, புதிய பெயர் சரி என்று ஒரு பட்டியல் மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். 'நவஹோ' என்பது பிறர் வைத்த பெயர். தங்கள் மொழியில் அவர்கள் டினே, அதாவது மக்கள். ஆனாலும் தேசத்தின் அதிகாரப்பூர்வப் பெயரை டினே என்று மாற்றும் முன்மொழிவு அவர்களுடைய மன்றத்திலேயே எழுந்து, ஏற்கப்படாமல் போனது. முதியவர்கள் பலர் 'இந்தியன்' என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். உடன்படிக்கைகளிலும் சட்டத்திலும் இருப்பது அந்தச் சொல், அதை விட்டால் பத்திரத்தில் பெயர் மாறிப்போனதுபோல் ஆகிவிடும் என்ற கவலை சிலருக்கு. கொலம்பியா ஆற்றோரம் வாழும் யாகிமா மக்கள் 1990-களில் தங்கள் பெயரை யாகமா என்று திருத்திக்கொண்டார்கள். ஒரே ஓர் எழுத்துதான் மாறியது. 1855 உடன்படிக்கையில் எழுதியிருந்த எழுத்து அது.

நியூயார்க் பக்கம், கனடா எல்லைக்கு இருபுறமுமாக, ஆறு தேசங்களின் பழமையான கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை 'இரோகுவா' என்றார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹோடெனோஷோனி, நீள்வீட்டு மக்கள். 1923-இல் இவர்களில் கயூகா தேசத்துத் தலைவர் டெஸ்கஹே, கனடா அரசு தங்கள் ஆட்சியில் தலையிடுவதை முறையிட, ஜெனீவாவில் இருந்த உலக நாடுகள் சங்கத்துக்குப் போனார். போனது ஹோடெனோஷோனி பாஸ்போர்ட்டில். சங்கத்தின் சபையில் பேச அவருக்கு வாய்ப்பே தரவில்லை. 2010-இல் இவர்களுடைய லக்ராஸ் அணி, உலகப் போட்டிக்காக இங்கிலாந்து கிளம்பியது. லக்ராஸ் என்பது வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம், அவர்கள் மூதாதையர் உருவாக்கியது. பிரிட்டன் அந்தப் பாஸ்போர்ட்டை ஏற்க மறுத்தது. அமெரிக்க பாஸ்போர்ட் உடனே தருகிறோம் என்றார்கள். வீரர்கள் வாங்கவில்லை, ஊர் திரும்பினார்கள், போட்டி போனது. அப்போது அணியின் பெயரில் 'இரோகுவா' இருந்தது. 2022-இல் ஹோடெனோஷோனி என்று மாற்றிக்கொண்டார்கள்.

இதே மக்களோடு 1794-இல் அமெரிக்கா செய்த கனன்டேகுவா உடன்படிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புக்குத் துணிமணி முதலானவை தருவதாக அதில் வாக்கு. துணி விலை எங்கோ போய்விட்டது, தொகை மாறவில்லை. எனவே ஆளுக்குக் கிடைக்கும் துணி சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆனாலும் அவர்களுக்குத் துணியாகத்தான் வேண்டும். அந்தத் துணி வருகிற வரைக்கும் மறுதரப்பு அந்த உடன்படிக்கையை மதிக்கிறது என்று அர்த்தம்.

உடன்படிக்கையே செய்யாமல் நிலம் பறிபோன இடங்களும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பெரும்பகுதி அப்படித்தான். அங்கே பசிபிக் கடலில் இருக்கும் தீவுக்கூட்டத்தில் ஹைடா மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறார்கள். 1787-இல் அந்தப் பக்கம் வந்த ஜார்ஜ் டிக்சன் என்ற கப்பல் தலைவர், தன் கப்பலின் பெயரைத் தீவுகளுக்கு வைத்துவிட்டுப் போனார்: குவீன் ஷார்லட். கப்பலுக்கு அந்தப் பெயர் இங்கிலாந்து ராணியிடமிருந்து வந்தது. தீவுகளைப் பார்த்தேயிராத ஒரு ராணி. 1985-இல் மரம் வெட்டும் நிறுவனங்களை மறித்து ஹைடா மக்கள் சாலையில் நின்றார்கள். 72 பேர் கைதானார்கள். 2024-இல் மாகாண அரசு, தீவுகள் முழுவதன் நில உரிமையும் ஹைடா மக்களுடையது என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அந்த ஒப்பந்தம் உரிமையை வழங்கவில்லை, எப்போதும் இருந்ததாக ஒப்புக்கொண்டது.

பெயர் அதற்கு 14 ஆண்டு முன்பே திரும்பிவிட்டது. 2010-இல் மாகாணச் சட்டம், தீவுகளின் பெயர் இனி ஹைடா குவாய், ஹைடா மக்களின் தீவுகள், என்றது. அந்த ஜூன் மாதம் ஒரு சடங்கு நடந்தது. ஹைடா கைவினைஞர்கள் ஒரே பலகையை ஆவியில் வளைத்து, நான்கு பக்கமும் அதிலேயே வரும்படி பெட்டி செய்வார்கள்; அவர்கள் வீட்டில் மதிப்பான பொருள்களை வைப்பது அதில்தான். அப்படி ஒரு பெட்டியில் 'குவீன் ஷார்லட் தீவுகள்' என்ற பெயரை வைத்து மூடி, மரியாதையோடு அரசிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.